எண்ணை நம்பிப் பணம் கொடுக்கும் முன்

2011-ம் ஆண்டு வசந்த காலம். கனடாவின் டொரொன்டோ நகரில் ஒரு பெரிய விளம்பர நிறுவனம் துணைத் தலைவர் பதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. நேர்காணலுக்கு வந்தவர்களில் ஒருவர் சாம் ஃபியோரெல்லா. ஏஓஎல், ஃபோர்டு, கிராஃப்ட் போன்ற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லி 15 ஆண்டு அனுபவம் பெற்றவர். பேச்சு நடுவில் அவருடைய ‘க்ளௌட் ஸ்கோர்’ எவ்வளவு என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நேர்காணல் நடத்தியவர் அங்கேயே இணையத்தில் தேடிக் காட்டினார்: 34. சற்று நேரத்தில் பேச்சு முடிந்துபோனது. 67 வைத்திருந்த இன்னொருவருக்கு அந்த வேலை கிடைத்தது. ‘வயர்டு’ இதழ் 2012-ல் இதை வெளியிட்டபோது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

அடுத்த ஆறு மாதம் ஃபியோரெல்லா அந்த எண்ணை ஏற்றுவதிலேயே குறியாக இருந்தார். 72-க்குக் கொண்டுவந்தும்விட்டார்.

இந்தச் சம்பவத்தை நன்றாகப் பார்த்தால் விஷயத்தில் பாதி புரிந்துவிடும். ஆறு மாதத்தில் அவருடைய தொழில் அறிவு இரண்டு மடங்காகிவிடவில்லை. சமூக ஊடகத்தில் அவர் புழங்கிய விதம் மட்டுமே மாறியது. அந்த எண் எதை அளந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. க்ளௌட் இன்று இல்லை. ஆனால் அதன் வாரிசுகள் இருக்கின்றன. ‘ஆடியன்ஸ் குவாலிட்டி’ என்று 100-க்கு ஒரு மதிப்பெண், ‘எங்கேஜ்மென்ட் ரேட்’ என்று ஒரு சதவீதம், பள்ளிக்கூட ரேங்க் கார்டு போல ஏ, பி, சி என்று ஒரு கிரேடு. துணிக்கடைக்காரரோ மசாலாப் பொடி விற்பவரோ இன்ஃப்ளூயன்சரைத் தேடும்போது, ஏஜென்சி நீட்டும் பட்டியலில் இவைதான் முதல் வரிசையில் நிற்கின்றன. இவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்ள, க்ளௌட்டின் பத்தாண்டு வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடையாது.

க்ளௌட்டைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜோ ஃபெர்னாண்டஸ். 2007-ல் அவருக்குத் தாடையில் அறுவை சிகிச்சை நடந்தது. வாயைத் திறக்க முடியாதபடி கம்பி கட்டிவிட்டார்கள். பேச முடியாத அந்த நாட்களில் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும்தான் அவருக்கு வாய். தான் எழுதுவதை யார் கேட்கிறார்கள், கேட்டு யார் என்ன செய்கிறார்கள் என்பதை அளந்து பார்த்தால் என்ன என்ற யோசனை அப்போது வந்தது. 2008-ல் பின் ட்ரானுடன் சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கினார். சான் ஃபிரான்சிஸ்கோதான் தலைமையிடம். ஒருவருடைய பதிவுகள், அவற்றை மறுபகிர்வு செய்தவர்கள், அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்கள் என எல்லாவற்றையும் திரட்டி 1 முதல் 100 வரை ஒரே எண்ணாகக் கொடுத்தது க்ளௌட். எதற்கு எத்தனை புள்ளி என்ற சூத்திரத்தை மட்டும் வெளியிடவில்லை.

யோசனையில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. கோளாறு, அந்த எண்ணை மற்றவர்கள் பயன்படுத்தத் தொடங்கியபோது வந்தது. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் 2012-ல் ஒரு வேலைக்கான விளம்பரத்தில், க்ளௌட் ஸ்கோர் 35-க்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று போட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-ல், 55-ம் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு விமான நிலையத்தில் தன்னுடைய சொகுசுக் கூடத்தை இலவசமாகத் திறந்துவிட்டது. கார் நிறுவனங்கள் புது வண்டியைச் சில நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தன. விளையாட்டாகப் பார்த்துக்கொண்டிருந்த எண், சம்பளத்தையும் சலுகையையும் தீர்மானிக்கும் எண்ணாகிவிட்டது. இன்னொரு பக்கம், கேட்காதவர்களுக்கும் மதிப்பெண் போடப்பட்டது. க்ளௌட் கணக்கே தொடங்காத சிறுவர்களின் பெயரில்கூடத் தானாகப் பக்கம் உருவாகியிருந்தது 2011-ல் வெளியே தெரிந்து, பெற்றோர் கொதித்த பிறகுதான் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளும் வழியைக் க்ளௌட் ஏற்படுத்தியது.

தராசில் இரண்டு கேள்வி

ஒரு தராசு சரியானதா என்று பார்க்க இரண்டு கேள்வி போதும். ஒரே மூட்டையை இரண்டு முறை வைத்தால் ஒரே எடை வருகிறதா? வருவது எடைதானா, அல்லது மூட்டையின் உயரத்தைக் காட்டிவிட்டு எடை என்கிறதா? செல்வாக்கு மதிப்பெண்கள் இந்த இரண்டிலும் சறுக்கியிருக்கின்றன.

முதல் கேள்விக்கு 2011 அக்டோபரும் 2012 ஆகஸ்டும் பதில் சொல்கின்றன. அக்டோபரில் க்ளௌட் தன் கணக்கிடும் முறையை மாற்றியது. ஒரே இரவில் ஏராளமானோரின் எண் சரிந்தது. நேற்று வரை எழுதியதைத்தான் அவர்கள் இன்றும் எழுதினார்கள், படிப்பவர்களும் மாறவில்லை. அடுத்த ஆகஸ்டில் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. 100-க்கும் குறைவான குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்த க்ளௌட், 400-க்கு மேற்பட்ட குறிகளைப் பார்க்கத் தொடங்கியது. விக்கிப்பீடியாவும் அவற்றில் சேர்ந்தது. அதுவரை பாடகர் ஜஸ்டின் பீபருக்கு முழுசாக 100, பதவியில் இருந்த அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்கு 94. மாற்றத்துக்குப் பிறகு ஒபாமா 99, பீபர் 92. வெள்ளை மாளிகையிலும் எதுவும் நடந்துவிடவில்லை, பீபரின் ரசிகர்களும் குறைந்துவிடவில்லை. புதிய வரிசைதான் நியாயமானது என்று பலருக்குப் பட்டிருக்கலாம். கவனிக்க வேண்டியது வேறு: பழைய வரிசையும் அதே உறுதியோடு, அதே 100-க்கான எண்ணாகத்தான் அச்சாகிக்கொண்டிருந்தது. அந்த எண்ணை வைத்து ஆள் எடுத்தவர்கள், பரிசு கொடுத்தவர்கள் யாரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். செல்வாக்கு என்றால், ஒருவர் சொல்வதால் இன்னொருவர் நினைப்பதும் செய்வதும் மாற வேண்டும். அதை எந்த நிறுவனமும் நேரில் பார்ப்பதில்லை. பார்க்க முடிவது லைக், கமெண்ட், மறுபகிர்வு, பின்தொடர்வோர் எண்ணிக்கை. எண்ணச் சுலபமானதை எண்ணிவிட்டு அதற்குச் செல்வாக்கு என்று பெயர் வைத்தால், எண்ணச் சுலபமானதைச் செய்பவருக்கெல்லாம் செல்வாக்கு வந்துவிடும். லண்டனில் இருந்த ராக் என்ற சிறு நிறுவனம் 2010-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. நிமிடத்துக்கு ஒரு ட்வீட் போடும் தானியங்கிக் கணக்கு ஒன்றை ஓடவிட்டது. மூன்று மாதம் ஆவதற்குள் அதன் க்ளௌட் ஸ்கோர் 50-ஐ எட்டியது.

பிரேசிலில் நடந்தது இன்னும் ஒரு படி மேலே. கரினா சான்டோஸ் என்ற பெயரில் ட்விட்டரில் ஒரு பத்திரிகையாளர் இருந்தார். செய்திகளைப் பகிர்வார். நல்ல கூட்டம் பின்தொடர்ந்தது. ட்விட்டலைசர் என்ற அளவீட்டுத் தளம் அவரை ஓப்ரா வின்ஃப்ரேயைவிடச் செல்வாக்கு மிக்கவர் என்று மதிப்பிட்டது. அப்படி ஒரு பெண்ணே கிடையாது. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் எழுதிய நிரல்தான் கரினா. 2013-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் முடிவு எளிமையானது: பிறரைப் பின்தொடர்வது, இடைவிடாமல் பதிவது, கேட்பவருக்குப் பதில் போடுவது போன்ற சாதாரண உத்திகளே ஓர் இயந்திரத்தைச் செல்வாக்கான ஆளாகக் காட்டப் போதும். ஓப்ரா ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்தால் அமெரிக்காவில் அது லட்சக்கணக்கில் விற்கும். கரினா சொல்லி ஒரு குண்டூசி விற்றிருக்குமா என்பது அந்த மதிப்பெண்ணில் எங்கும் இல்லை.

பின்தொடர்வோர் எண்ணிக்கையையே செல்வாக்காகப் பார்க்கும் பழக்கத்தை ஆய்வாளர்கள் முன்பே உடைத்திருந்தார்கள். மீயங் சா தலைமையிலான குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 5.4 கோடி ட்விட்டர் கணக்குகளையும் 170 கோடி ட்வீட்களையும் எடுத்துப் பார்த்தது. அதிகம் பின்தொடரப்படுபவர்கள், அதிகம் மறுபகிர்வு செய்யப்படுபவர்கள், அதிகம் பெயர் குறிப்பிடப்படுபவர்கள் என்ற மூன்று பட்டியல்களின் உச்சியில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். பெயருக்காகக் குறிப்பிடுகிறார்கள், சரக்குக்காகப் பகிர்கிறார்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கை இந்த இரண்டையுமே சரியாகச் சொல்வதில்லை.

எய்டன் பக்ஷி, டங்கன் வாட்ஸ் உள்ளிட்டோர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, பணம் போடுபவருக்கு இன்னும் நேரடியாக உதவும். 16 லட்சம் ட்விட்டர் பயனாளர்களையும், அவர்கள் மூலம் இணைப்புகள் பரவிய 7.4 கோடி நிகழ்வுகளையும் அவர்கள் பின்தொடர்ந்தார்கள். முன்பு பெரிய அளவில் பரவச் செய்தவர்களும், நிறையப் பேர் பின்தொடர்பவர்களும் சராசரியாகப் பார்த்தால் பின்னரும் அதிகம் பரவச் செய்தது உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட ஒரு பதிவு பரவுமா என்று முன்கூட்டிச் சொல்ல முயன்றால் கணிப்பு தவறிக்கொண்டே இருந்தது. அதனால், ஒரு நட்சத்திரத்துக்கு மொத்தப் பணத்தையும் கொட்டுவதைவிட நடுத்தரக் கணக்குகள் பலவற்றுக்குப் பிரித்துக் கொடுப்பது பல சூழல்களில் சிக்கனமானது என்று அவர்கள் எழுதினார்கள். சிறிய கடை நடத்துபவருக்கு இதைவிட ஆறுதலான ஆய்வு முடிவு அரிது.

விலைக்கு வாங்கிய கூட்டம்

தெரியாமல் நடக்கும் பிழை ஒரு பக்கம் இருக்கட்டும். தெரிந்தே நடக்கும் மோசடி இன்னொரு பக்கம். ‘நியூயார்க் டைம்ஸ்’ 2018 ஜனவரியில் தெவுமி என்ற அமெரிக்க நிறுவனத்தின் வியாபாரத்தை அம்பலப்படுத்தியது. குறைந்தது 35 லட்சம் தானியங்கிக் கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப விற்று, வாடிக்கையாளர்களுக்கு 20 கோடிக்கு மேல் ட்விட்டர் பின்தொடர்வோரைக் கொடுத்திருந்தது அந்த நிறுவனம். அவற்றில் குறைந்தது 55,000 கணக்குகள் நிஜ மனிதர்களின் பெயரையும் படத்தையும் திருடி உருவாக்கப்பட்டவை. அந்த ஆண்டு ஜூலையில் ட்விட்டர் முடக்கிவைத்திருந்த கணக்குகளை எல்லோருடைய எண்ணிக்கையிலிருந்தும் கழித்தது. ட்விட்டரின் சொந்தக் கணக்கே 77 லட்சம் பேரை இழந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2019-ல் தெவுமி மீது நடவடிக்கை எடுத்தது. 2024-ல் அதே ஆணையம் வகுத்த விதி, போலிப் பின்தொடர்வோரையும் போலிப் பார்வைகளையும் வணிக லாபத்துக்காகத் தெரிந்தே விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது.

போலியே இல்லாத கூட்டமும் பொருள் வாங்கும் என்று சொல்ல முடியாது. 2019-ல் இன்ஸ்டாகிராமில் 26 லட்சம் பேர் பின்தொடர்ந்த ஒரு இளம்பெண் சொந்தமாக டி-ஷர்ட் வரிசை ஒன்றைக் கொண்டுவந்தார். தயாரிப்பு நிறுவனம் கேட்ட குறைந்தபட்ச விற்பனை 36. அதுகூட ஆகவில்லை என்று அவரே எழுதினார். பலர் அவரைக் கேலி செய்தார்கள். அது தேவையில்லாத கொடுமை. அவருடைய படங்களைப் பார்க்க விரும்பியவர்கள் அவர் விற்கும் சட்டையை விரும்பவில்லை, அவ்வளவுதான் நடந்தது. எந்த மதிப்பெண்ணும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாதது. மதிப்பெண் போடும் நிறுவனத்துக்குச் சொந்தக் கிணறு கிடையாது. தளங்கள் திறந்துவிடும் தரவுதான் அதன் மூலப்பொருள். ‘க்ரெட்’ என்ற மதிப்பெண்ணை நடத்திய பீப்பிள்பிரௌசர் நிறுவனம், ட்விட்டர் முழுத் தரவையும் நிறுத்தப் போவதாகச் சொன்னதும் 2012-ல் நீதிமன்றம் போனது. 2013-ல் சமரசம் ஆனது, அந்த ஆண்டு முடிவோடு முழுத் தரவை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. யூடியூப் 2019 முதல் சந்தாதாரர் எண்ணிக்கையைத் துல்லியமாக வெளியில் காட்டுவதில்லை. இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளலாம். ட்விட்டர் 2023-ல் இலவசத் தரவு வசதியை மூடியது. ஃபேஸ்புக் பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க உதவிய கிரௌட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் வெளியே இருக்கும் அளவீட்டுக் கருவிகள் விட்டுப்போனதை ஊகத்தால் நிரப்புகின்றன. ஊகம் எங்கே தொடங்குகிறது என்று திரையில் காட்டுவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பதோ யாருக்கும் தெரியாது. எந்தப் புடவைக்கடை, எந்த மருத்துவர், எந்தச் சமையல் எண்ணெய் என்று நம் குடும்பங்கள் முடிவெடுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

க்ரெட்டிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. எந்தப் பதிவுக்கு, யார் செய்த எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்று வரவு செலவுக் கணக்கு போல எல்லோருக்கும் காட்டியது. இன்று எந்தக் கருவியைக் காசு கொடுத்து வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். காட்ட மறுத்தால், அந்த எண்ணுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

க்ளௌட்டை லித்தியம் டெக்னாலஜீஸ் 2014-ல் சுமார் 20 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்திகள் வந்தன. 2018 மே 25 அன்று சேவை நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான்.

எதால் வகுத்தார்கள்?

இனி கையில் எடுக்க வேண்டிய வேலை. சதவீதம் எதைப் பார்த்தாலும், அதை எதால் வகுத்தார்கள் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். இதில் பெரிய தளங்களே தவறியிருக்கின்றன. மக்கள் ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கை, மூன்று வினாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வைத்து வகுத்து, இரண்டு ஆண்டுகள் கூட்டிக் காட்டியிருந்ததாக ஃபேஸ்புக் 2016-ல் ஒப்புக்கொண்டது. சராசரி 60 முதல் 80 சதவீதம் வரை ஊதியிருந்தது. விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த விளம்பரத்துக்கும் ஒதுக்கினார்கள்.

எங்கேஜ்மென்ட் ரேட்டிலும் இதே பள்ளம் இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: முதல் கணக்குக்கு 3,00,000 பின்தொடர்வோர், ஒரு பதிவுக்குச் சராசரியாக 3,000 லைக்கும் கமெண்ட்டும். இரண்டாவதுக்கு 12,000 பின்தொடர்வோர், 960 லைக்கும் கமெண்ட்டும். பின்தொடர்வோரால் வகுத்தால் முதலாவது 1 சதவீதம், இரண்டாவது 8 சதவீதம். இரண்டாவதுதான் கெட்டிக்காரக் கணக்கு என்று தோன்றும். இப்போது பதிவு உண்மையில் எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற ‘ரீச்’ எண்ணால் வகுத்துப் பார்க்கலாம். முதலாவதன் ரீச் 20,000, இரண்டாவதன் ரீச் 16,000 என்றால் விடை 15 சதவீதம், 6 சதவீதம் என்று தலைகீழாகிவிடுகிறது. இரண்டு விதமும் புழக்கத்தில் உள்ளவைதான், யாரும் பொய் சொல்லவில்லை. தனக்குச் சாதகமானதைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறார்கள். இந்த நிலையில் சதவீதத்தைத் தள்ளிவைத்துவிட்டு விலைக்கு வர வேண்டும். முதலாவது ஒரு பதிவுக்கு 60,000 ரூபாய் கேட்டால், கண்ணில் படும் ஒரு ஆளுக்கு 3 ரூபாய். இரண்டாவது 5,000 கேட்டால் 31 பைசா.

அந்த 16,000 பேர் எந்த ஊர் என்பது அடுத்த கேள்வி. ஓர் ஊரில் மட்டும் பிரியாணிக் கடை வைத்திருப்பவருக்குக் கோலாலம்பூரில் இருக்கும் ரசிகர் பாராட்டுவார், சாப்பிட வர மாட்டார். கணக்கு வைத்திருப்பவரின் ‘இன்சைட்ஸ்’ பக்கத்தில் நகரம், வயது, ஆண் பெண் பிரிவு எல்லாம் இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்குவதைவிட, பக்கத்தை உருட்டிக் காட்டும் திரைப் பதிவாக வாங்குவது நல்லது. படத்தில் எண்ணை மாற்றுவது சுலபம்.

பிறகு அந்தக் கணக்கின் கடைசி ஒரு டஜன் பதிவுகளை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். மதிப்பெண் எந்திரம் செய்யாத வேலை இதுதான். எகிறிப்போன ஒன்றிரண்டு ரீல்ஸை விட்டுவிட்டு நடுவில் இருப்பதைப் பார்த்தால்தான் அந்தக் கணக்கின் அன்றாட நிலை தெரியும். கமெண்ட்டில் தீ, கைதட்டல் பொம்மைகளும் ‘செம’, ‘சூப்பர்’ போன்ற ஒற்றைச் சொற்களும் மட்டும் வரிசையாக இருந்தால், அதுவும் ஒரே பத்துப் பேர் ஒவ்வொரு பதிவிலும் வந்து போட்டிருந்தால், ஒருவருக்கொருவர் கமெண்ட் போட்டுக்கொள்ளும் குழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். “இது எங்க கிடைக்கும்?”, “என்ன விலை?”, “என் பொண்ணுக்கு ஒத்துக்குமா?” என்று கேட்கிறார்களா, அதற்கு அவர் பதில் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படி நாலு கேள்வி இருந்தால், 8,000 பேர் உள்ள கணக்காக இருந்தாலும் பேசிப் பார்க்கலாம். பின்தொடர்வோர் வரைபடம் படிக்கட்டு போல ஒரே நாளில் ஏறி, பிறகு மெல்லச் சரிந்துகொண்டே வந்தால் அந்த நாளில் என்ன நடந்தது என்று நேரடியாகக் கேட்கலாம். ஒரு வீடியோ பிரபலமாகியிருக்கலாம், பரிசுப் போட்டி வைத்திருக்கலாம். பதில் சொல்லத் தயங்கினால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடலாம்.

மதிப்பெண்ணுக்கு உபயோகமே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. 300 பெயர் கொண்ட பட்டியலில் அப்பட்டமான போலிகளைக் கழித்து 30-க்குக் கொண்டுவர அது உதவும். ஒரே கணக்கை ஒரே கருவியில் மாதா மாதம் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். ஒரு கருவியின் 70-ஐ இன்னொரு கருவியின் 70-உடன் ஒப்பிட்டால்தான் வம்பு. 71-க்கும் 74-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து யாருடைய பிழைப்பையும் முடிவு செய்வது அதைவிடப் பெரிய தவறு. சமையல் வீடியோ போட்டு வீட்டைக் காப்பாற்றும் பெண்களும் கல்லூரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும் மாணவர்களும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

கடைசியாக, முழுத் தொகையையும் இறக்கும் முன் சிறியதாக ஒரு சோதனை. நாலு அல்லது ஐந்து சிறிய கணக்குகளுக்கு ஒரே வாரத்தில், ஒரே பொருளுக்கு, தனித்தனித் தள்ளுபடிக் குறியீடு கொடுக்க வேண்டும். கடைக்கு நேரில் வருபவர்கள் குறியீட்டை மறந்துவிடுவார்கள் என்பதால், எங்கே பார்த்தீர்கள் என்று கல்லாவில் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்வதும் அவசியம். அது பணம் வாங்கிப் போடும் பதிவு என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-லும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லும் வெளியிட்ட நெறிமுறைகள் அதைக் கேட்கின்றன. ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொண்டால் பின்னால் சண்டை வராது: பதிவு குறைந்தது 30 நாள் நீக்கப்படாமல் இருக்க வேண்டும், 7-ம் நாளும் 30-ம் நாளும் இன்சைட்ஸ் பக்கத்தின் திரைப் பதிவை அனுப்ப வேண்டும். மீதிப் பணத்தை அந்த இரண்டாவது திரைப் பதிவு வந்த பிறகு கொடுத்தால் போதும்.